குமரியிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம்: போக ரயில், வர எது?

கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. வளைகுடாவுக்குப் போகிறவர்களும், சென்னைக்கோ பெங்களூருக்கோ பறக்கிறவர்களும் பெரும்பாலும் திருவனந்தபுரத்துக்குத்தான் போயாக வேண்டும். மாநில எல்லையைத் தாண்டினாலும் நமக்கு அதுதான் பக்கம். நாகர்கோவில் ஜங்ஷனிலிருந்து திருவனந்தபுரம் சென்ட்ரல் 71 கி.மீ., கன்னியாகுமரியிலிருந்து 87 கி.மீ. இந்தத் தூரத்துக்கு ரயிலா, பஸ்ஸா, காரா என்று வீட்டில் பேச்சு எழும்போது போக்கையும் வரவையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடுகிறோம். தப்பு அங்கேதான் தொடங்குகிறது. போகும்போது ரயிலை நம்பலாம். வரும்போது அதே ரயிலை அதே அளவுக்கு நம்ப முடியாது. இரண்டையும் தனித்தனியாகத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

காரணம் எளிது. திருவனந்தபுரம் பக்கம் போகும் முக்கிய வண்டிகள் கன்னியாகுமரியிலோ நாகர்கோவிலிலோ புறப்படுகின்றன. புறப்படும் இடத்தில் வண்டி நேரத்துக்கு நிற்கும், நேரத்துக்குக் கிளம்பும். முதல் 71 கி.மீ.க்குள் சேரும் தாமதம் பெரும்பாலும் அரை மணிக்குள் அடங்கிவிடும். எதிர்த்திசையில் நிலைமை வேறு. பரசுராம் எக்ஸ்பிரஸ் மங்களூருவிலிருந்து பகல் முழுக்க ஓடி, மாலையில்தான் திருவனந்தபுரத்தைத் தொடுகிறது. விவேக் எக்ஸ்பிரஸ் திப்ருகரிலிருந்து 4,000 கி.மீ.க்கு மேல் ஓடிய பிறகு நம் கைக்கு வருகிறது. வழியில் எங்கே என்ன நடந்தாலும் அதன் பாக்கி முழுதும் கடைசி 87 கி.மீ.யில் ஏறுகிறவர் தலையில் விழும்.

போவதற்கு எந்த வண்டி

அதிகாலையில் பரசுராம். கன்னியாகுமரியில் நாலு மணிக்கு முன்பே கிளம்பி, நாகர்கோவிலை நாலேகால் வாக்கில் தாண்டி, ஆறரைக்குள் திருவனந்தபுரம் சென்ட்ரல் ஸ்டேஷன் இருக்கும் தம்பானூரில் விடும். முன்பு நாகர்கோவிலோடு நின்றுகொண்டிருந்த வண்டி, 2024 ஜூலையிலிருந்துதான் கன்னியாகுமரி வரை ஓடுகிறது. காலை பத்து மணிக்கு மேல் உள்நாட்டிலும், பதினொரு மணிக்கு மேல் வெளிநாட்டுக்கும் பறக்கிறவருக்கு இதுதான் முதல் தேர்வு. ஏசி சேர் காரும், முன்பதிவு செய்யும் இரண்டாம் வகுப்பு இருக்கையும் உண்டு. அடுத்தது எட்டரை வாக்கில் புறப்படும் புனே வண்டி, பழைய ஜெயந்தி ஜனதா. பத்து மணி வாக்கில் பெங்களூரு போகும் ஐலண்ட். மாலை ஐந்தரையையொட்டி விவேக். இவற்றுக்கு நடுவே சாதாரண பாசஞ்சர் வண்டிகளும் ஓடுகின்றன. கால அட்டவணை மாறிக்கொண்டே இருப்பதால், விமான டிக்கெட் எடுக்கும் அன்று ஒரு தடவையும் கிளம்பும் முந்தைய நாள் ஒரு தடவையும் நேரத்தைப் பார்த்துவிடுங்கள்.

எங்கே ஏறுவது என்பதிலும் யோசனை வேண்டும். மார்த்தாண்டம் வட்டாரத்துக்குக் குழித்துறை ஸ்டேஷன். திங்கள்நகர், தக்கலை, குளச்சல் பக்கத்துக்கு இரணியல். நாகர்கோவில்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாகர்கோவிலில் ஜங்ஷன், டவுன் என்று இரண்டு ஸ்டேஷன்கள். திருநெல்வேலியிலிருந்து வந்து கேரளத்துக்குப் போகும் சில வண்டிகள் ஜங்ஷனுக்குள் வராமல் டவுனில் மட்டும் நின்று போகும். ஜங்ஷனுக்குள் வந்தால் இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்ட வேண்டும் என்பதுதான் காரணம். டிக்கெட்டில் என்.சி.ஜே. என்றிருந்தால் கோட்டாறு பக்கத்து ஜங்ஷன், என்.ஜே.டி. என்றிருந்தால் டவுன். ஆட்டோக்காரரிடம் வெறுமனே 'ஸ்டேஷன்' என்று சொன்னால் ஜங்ஷனில்தான் கொண்டு விடுவார். அங்கிருந்து பெட்டிகளோடு டவுனுக்கு ஓடும்போது வண்டி வீராணி ஆளூரைத் தாண்டியிருக்கும்.

டிக்கெட்

முன்பதிவில்லாத எக்ஸ்பிரஸ் டிக்கெட் நாகர்கோவிலிலிருந்து ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். விவேக் மாதிரி சூப்பர்ஃபாஸ்ட் வண்டி என்றால் 15 ரூபாய் கூடுதல். சாதாரண டிக்கெட்டோடு சூப்பர்ஃபாஸ்ட்டில் ஏறிவிட்டு அபராதம் கட்டுகிறவர்கள் அதிகம்; கவுன்டரில் வண்டியின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். ரயில்வேயின் ரயில்ஒன் செயலியில் எடுப்பதானால் ஸ்டேஷனுக்கு வரும் வழியிலேயே எடுத்துவிட வேண்டும். பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு காகிதமில்லாச் சீட்டு எடுக்கச் செயலி விடாது. 200 கி.மீ.க்கு உட்பட்ட முன்பதிவில்லாச் சீட்டுக்கு மூன்று மணி நேரக் கெடு உண்டு: வாங்கிய மூன்று மணி நேரத்துக்குள், அல்லது அதன்பின் அந்த ஊருக்குக் கிளம்பும் முதல் வண்டியில், இதில் எது பிந்தியதோ அதற்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். திரும்பி வரும்போது இந்த விதி முக்கியமாகும். அதைக் கீழே பார்ப்போம்.

படுக்கை வகுப்பில் முன்பதிவு செய்தால் 71 கி.மீ. போனாலும் 200 கி.மீ.க்கான குறைந்தபட்சக் கட்டணம்தான். மூன்றடுக்கு ஏசியில் அது 300 கி.மீ. கட்டணம். ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு அது வீண் என்று தோன்றும். ஆனால் பெட்டி மூன்றும் கைக்குழந்தையுமாகப் போகிறவருக்குப் படுக்கை வகுப்பு அந்தக் காசுக்குத் தகும். கன்னியாகுமரியிலிருந்து கிளம்பும் வண்டியில் இந்த முதல் தூரத்தில் இடமும் பொதுவாகக் கிடைக்கும். முன்பதிவில்லாச் சீட்டை வைத்துக்கொண்டு 'இரணியல்வரை சும்மாதானே கிடக்கிறது' என்று படுக்கைப் பெட்டியில் ஏறினால் கட்டண வித்தியாசத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம்.

சாமான் கணக்கு: இரண்டாம் வகுப்பில் ஆளுக்கு 35 கிலோ, படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 40 கிலோ இலவசம், அதற்கு மேல் 10 கிலோவரை சலுகை. விமானத்தில் 30 கிலோ பெட்டியும் 7 கிலோ கைப்பையும் கொண்டு போகிற ஒருவர் இந்த வரம்புக்குள் அடங்கிவிடுவார். சிக்கல் எடையில் இல்லை, இடத்தில்தான். பொதுப்பெட்டியின் வாசலில் காலை நேரத்தில் வேலைக்குப் போகிறவர்கள் நெருக்கி நிற்பார்கள். பெரிய பெட்டியைத் தலைக்கு மேலுள்ள பலகையில் தூக்கி வைக்கவும் முடியாது, காலடியில் வைத்தால் வழியும் அடைபடும். ஆளுக்கு ஒரு பெரிய பெட்டிக்கு மேல் இருந்தால் பொதுப்பெட்டியை விட்டுவிடுங்கள்.

எங்கே தவறும்

திருவனந்தபுரம்–கன்னியாகுமரிப் பாதை 1979இல் திறந்தபோது ஒற்றைப்பாதை. இரட்டைப்பாதை வேலை துண்டு துண்டாக நடந்துவருகிறது. ஒற்றைத் தண்டவாளம் எஞ்சியிருக்கும் இடங்களில் எதிர்வண்டி வந்து தாண்டும்வரை நம் வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும். எதிர்வண்டி அரை மணி தாமதமானால் அந்தத் தாமதம் நமக்கும் ஒட்டிக்கொள்ளும். அடுத்த இடம் திருவனந்தபுரத்து வாசல். சென்ட்ரலில் பிளாட்பாரம் காலியாகாதவரை வண்டி வெளியே சிக்னலில் நிற்கும். நேமம், அதாவது இப்போது பெயர் மாறிய திருவனந்தபுரம் சவுத், தாண்டியாயிற்று என்று நிம்மதியாக எழுந்து நின்ற பிறகு பதினைந்து நிமிடம் அப்படியே போகலாம். பாதை வேலைக்காகச் சில நாட்களில் வண்டியைக் கன்னியாகுமரிக்குப் பதில் நாகர்கோவிலிலிருந்தோ, திருவனந்தபுரத்திலிருந்தோ கிளப்புவார்கள். 'பகுதி ரத்து' என்று செய்தித்தாளில் சின்னதாக வரும். முந்தைய நாள் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

மழைக்காலம் தனி விஷயம். இரணியலுக்கும் பாறசாலைக்கும் நடுவே பாதை பல இடங்களில் மேட்டை வெட்டிய ஆழமான பள்ளங்களில் ஓடுகிறது. 2021 நவம்பர் மழையில் அங்கே மண் சரிந்து பாதை மூடிப் பல நாட்கள் வண்டிகள் ஓடவில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இரவு முழுக்க அடைமழை பெய்திருந்தால், காலை வண்டிக்குக் கிளம்பும் முன் அது ஓடுகிறதா என்று பார்த்துவிட்டே வீட்டைவிட்டு இறங்குங்கள்.

இதையெல்லாம் சேர்த்து ஒரு கணக்குப் போடலாம். வண்டி தாமதத்துக்கு 45 நிமிடம். பிளாட்பாரத்திலிருந்து வெளியே வந்து ஆட்டோ பிடித்து விமான நிலையம் சேர 45 நிமிடம். உள்நாட்டு விமானத்துக்கு அங்கே 2 மணி நேரம், வெளிநாட்டுக்கு 3 மணி நேரம். ஆக, உள்நாட்டுக்கு மூன்றரை மணி, வெளிநாட்டுக்கு நாலரை மணி நேரம் முன்னதாக சென்ட்ரலைச் சேர வேண்டிய வண்டியைப் பிடிக்க வேண்டும். பகல் 12 மணிக்குச் சென்னை விமானம் என்றால் எட்டரைக்குள் சேரும் வண்டி. அதற்குப் பிந்திய வண்டியில் போனாலும் பல நாள் பிடித்துவிடலாம். ஆனால் செக்-இன் கவுன்டர் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். பிந்தி வந்ததற்கு ரயில் தாமதம் என்று காரணம் சொன்னால் விமான நிறுவனம் காசைத் திருப்பித் தராது.

தம்பானூரிலிருந்து டெர்மினல்

இங்கேதான் அதிகம்பேர் தடுமாறுகிறார்கள். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இரண்டு டெர்மினல்கள். டெர்மினல் 1 சங்குமுகம் கடற்கரைப் பக்கம், உள்நாட்டு விமானங்களுக்கானது. டெர்மினல் 2 சாக்கையில், தேசிய நெடுஞ்சாலைப் பைபாஸை ஒட்டி. வெளிநாட்டு விமானங்கள் அங்கே. இரண்டுக்கும் நடுவே ஓடுதளம் கிடக்கிறது. ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்து போக முடியாது, சாலையில் சுற்றித்தான் வர வேண்டும். உள்நாட்டு விமானம் என்பதாலேயே டெர்மினல் 1 என்று முடிவுசெய்யாதீர்கள். சில உள்நாட்டு விமானங்கள் டெர்மினல் 2இலிருந்து கிளம்புவதும் உண்டு. டிக்கெட்டில் டி1, டி2 என்று அச்சாகியிருப்பதைப் பார்த்து, ஓட்டுநரிடம் 'சங்குமுகம்', 'சாக்கை' என்று இடப்பெயரைச் சொல்லுங்கள். 'டொமஸ்டிக்', 'இன்டர்நேஷனல்' என்று சொல்வதைவிட அது குழப்பமில்லாதது.

சென்ட்ரலிலிருந்து எந்த டெர்மினலும் 5 முதல் 7 கி.மீ.க்குள்தான். ஸ்டேஷன் முன்வாசலில் பிரீபெய்டு ஆட்டோ கவுன்டர் இருக்கிறது. வெளியே மீட்டர் ஆட்டோ பிடித்தால் கணக்கு உங்களுக்கே தெரிந்திருப்பது நல்லது. 2022 மே மாதம் முதல் கேரளத்தில் முதல் ஒன்றரை கி.மீ.க்கு 30 ரூபாய், அதன்பின் கி.மீ.க்கு 15 ரூபாய் என்ற விகிதம். 6 கி.மீ. ஓடினால் நூறு ரூபாய்க்குள். இரவு 10 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு. ஆட்டோவில் இரண்டு பெரிய பெட்டிக்கு மேல் ஏறாது. நாலு பேர் குடும்பத்துக்கு இரண்டு ஆட்டோ, அல்லது ஒரு டாக்சி.

பஸ்ஸும் உண்டு. ரயில் நிலையத்தையும் இரண்டு டெர்மினல்களையும் இணைக்க 2022 ஆகஸ்டில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் ஏர்-ரெயில் மின்சார பஸ் தொடங்கியது. ஸ்டேஷனுக்கு எதிரிலுள்ள தம்பானூர் பஸ் நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். கைப்பை மட்டும் இருக்கிற, நேரம் தாராளமாக உள்ளவருக்கு நல்லது. விமான நேரம் நெருங்கியிருந்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம்.

பலரும் யோசிக்காத ஒரு வழி பேட்டை ஸ்டேஷன். சென்ட்ரலுக்கு அடுத்த நிறுத்தம். சாக்கை டெர்மினலுக்கு சென்ட்ரலைவிடப் பக்கம், ஆட்டோவில் பத்து நிமிடம். உங்கள் வண்டி சென்ட்ரலைத் தாண்டிப் போவதாகவும் பேட்டையில் நிறுத்தம் உள்ளதாகவும் இருந்தால் அங்கே இறங்கலாம். டிக்கெட்டைப் பேட்டை வரையே எடுத்துவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: சென்ட்ரலில் சில வண்டிகள் வெகுநேரம் நிற்கும். அந்த நேரத்துக்குள் சென்ட்ரலிலிருந்தே ஆட்டோவில் போய்ச் சேர்ந்திருக்கலாம். நிறுத்த நேரத்தை அட்டவணையில் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். பேட்டை சின்ன ஸ்டேஷன் என்பதால் நள்ளிரவில் அங்கே இறங்குவதைத் தவிர்க்கலாம்.

காரும் பஸ்ஸும்

வளைகுடா விமானங்களில் நிறைய நள்ளிரவுக்கு மேல், விடியும் முன் கிளம்புகிறவை. அதிகாலை மூன்றரைக்கு விமானம் என்றால் பன்னிரண்டரைக்குச் சாக்கையில் இருக்க வேண்டும். ரயிலில் போனால் மாலை விவேக்கில் வந்து, இரவு ஏழரையிலிருந்து ஐந்து மணி நேரம் காத்துக் கிடக்க வேண்டும். தனியாள் என்றால் முடியும். வழியனுப்ப வீட்டார் வருவதானால் முடியாது. அவர்கள் திரும்ப வண்டி இல்லை. இந்த விமானங்களுக்குக் கார்தான் சரி. அதில் ரயிலோடு போட்டி போட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

கார் வாடகை பேசும்போது 70 கி.மீ. என்று நினைக்காதீர்கள். வண்டி வெறுமனே திரும்பும் தூரமும் உங்கள் கணக்குதான். கி.மீ. விகிதத்தை 140ஆல் பெருக்கி, ஓட்டுநர் படி, எல்லை தாண்டும் அனுமதி வரி, பார்க்கிங், பைபாஸில் திருவல்லம் சுங்கச்சாவடிக் கட்டணம் எல்லாம் அதில் அடக்கமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இருவர் போவதானால் ரயிலும் ஆட்டோவுமாக இருநூறு ரூபாய்ச் செலவில் முடிகிற இடத்தில் கார் அதைப்போலப் பல மடங்கு. நாலைந்து பேரும் ஆறு பெட்டிகளும் என்றால் அந்த வித்தியாசத்துக்கு மதிப்புக் கிடைக்கிறது.

பாதையும் முக்கியம். பழைய சாலை களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், கரமனை என்று ஊருக்கு ஊர் நெருக்கடியில் நுழைந்து போகிறது. மார்த்தாண்டம் மேம்பாலம் வந்தபின் அந்த ஒரு இடம் இளகியது, மற்றவை அப்படியே. எல்லையைத் தாண்டியதும் காரோட்டில் நான்குவழிப் பைபாஸைப் பிடித்தால் முக்கோலை, கோவளம், திருவல்லம், ஈஞ்சக்கல் வழியாக நகரத்துக்குள் நுழையாமலே சாக்கை வந்துவிடலாம். மார்த்தாண்டம், கருங்கல், கொல்லங்கோடு பக்கத்துக்காரர்களுக்கு இந்தப் பாதையால் கார் பயணம் உண்மையிலேயே சுருங்கிவிட்டது. அவர்களுக்கு டெர்மினல் 2 விமானம் என்றால் பகலிலும் கார் ரயிலுக்குச் சமமாக நிற்கும். நாகர்கோவிலுக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு அந்தச் சலுகை குறைவு. எல்லைவரையான நெருக்கடியை முழுதும் கடந்துதான் அவர்கள் பைபாஸையே தொட முடியும்.

பஸ்ஸைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்திலிருந்து தமிழ்நாட்டு பஸ்ஸும் கேரள பஸ்ஸும் நாள் முழுக்க ஓடுகின்றன. ஆனால் இரண்டரை மணி நேரமாவது பழைய சாலையிலேயே ஊர்ந்து, அதே தம்பானூரில்தான் விடும். அங்கிருந்து ஆட்டோ செலவும் அப்படியே. பெட்டி வைக்கவும் இடமில்லை. ரயில் தவறிப்போன நாளுக்கு அது மாற்று, அவ்வளவே. கேரளத்தில் ஹர்த்தால் என்றால் அந்த மாற்றும் களியக்காவிளையோடு நின்றுவிடும். அன்றைக்கு ரயில் ஓடும், ஆனால் தம்பானூரில் ஆட்டோ அரிது. அதற்கும் சேர்த்து இன்னும் ஒரு மணி நேரம் முன்னே போய்விட வேண்டும்.

திரும்பி வருவது

விமானம் தரை தொட்ட பிறகு வெளிநாட்டுப் பயணிக்குக் குடியேற்றச் சோதனை, பெட்டி, சுங்கம் என்று ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம். உள்நாட்டுக்கு அரை மணி. அதன்பின் தம்பானூர் போக அரை மணி. இதை நம்பிக் குறிப்பிட்ட ஒரு ரயிலில் முன்பதிவு செய்வது இரண்டு பக்கமும் எரிகிற திரி: விமானம் தாமதித்தால் டிக்கெட் வீண், ரயில் தாமதித்தால் பிளாட்பாரத்தில் காத்திருப்பு. வரும்போது முன்பதிவே வேண்டாம். விமான நிலையத்திலிருந்து வெளியே வந்த பிறகு வேர் இஸ் மை டிரெயின் செயலியில் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அட்டவணை நேரத்தைப் பார்க்காதீர்கள். இப்போது எந்த ஊரில் இருக்கிறது என்பதைப் பாருங்கள். கொல்லத்தைத் தாண்டிவிட்ட வண்டி என்றால் ஒன்றரை மணி நேரத்துக்குள் கிடைக்கும் என்று நம்பலாம். அப்போது முன்பதிவில்லாச் சீட்டு எடுங்கள். தரையிறங்கிய உற்சாகத்தில் பெட்டி வரும் பெல்ட் பக்கத்தில் நின்றுகொண்டே எடுத்துவிட்டால் மேலே சொன்ன மூன்று மணிக் கெடு ஓடத் தொடங்கிவிடும்.

மாலை ஐந்திலிருந்து ஏழரை வரை தெற்கே வரும் வண்டிகளில் அலுவலகம் முடிந்து பாறசாலைக்கும் நாகர்கோவிலுக்கும் திரும்புகிற கூட்டம். பெட்டிகளோடு அதில் ஏறுவது உங்களுக்கும் கஷ்டம், தினமும் போய்வரும் அந்தப் பயணிகளுக்கும் கஷ்டம். நெய்யாற்றின்கரையில் ஓரளவும், பாறசாலை, குழித்துறையில் நன்றாகவும் கூட்டம் இறங்கும். சின்னப் பெட்டி ஒன்றோடு வருகிறவர் அரை மணி நேரம் நின்று வந்தால் பின்பு உட்கார்ந்துவிடலாம். வயதானவர்களும் கைக்குழந்தையும் இருந்தால், ஐந்து மணிக்கு முன்பு ஒரு வண்டி இல்லாதபட்சத்தில், கார்தான். இரவு ஒன்பது மணிக்கு மேல் தரையிறங்குகிறவருக்கும் அதேதான். ஊரிலிருந்து கார் வரச்சொன்னால் ஓட்டுநரிடம் விமான எண்ணையும் டெர்மினலையும் சேர்த்துக் கொடுங்கள். நேரம் மட்டும் கொடுத்தால் விமானம் தாமதமாவது அவருக்குத் தெரியாது.

வேறு விமான நிலையங்கள்

தூத்துக்குடி வாகைக்குளத்தில் 2025 ஜூலையில் புது முனையம் திறந்தார்கள், ஓடுதளமும் நீண்டது. சென்னை, பெங்களூரு போகிற, ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே உள்ளவர்கள் கட்டணத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் அங்கே போக ரயில் உதவாது. திருநெல்வேலியில் இறங்கித் தூத்துக்குடி சாலையில் பஸ் மாற வேண்டும். மதுரை நாலைந்து மணி நேர ரயில் தூரம், அதன்பின் நகரத்திலிருந்து 12 கி.மீ. அளவில் விமான நிலையம். டிக்கெட் பல ஆயிரம் குறைந்தால் மட்டும் யோசியுங்கள். ஒப்பிடும்போது கடைசியில் கட்ட வேண்டிய மொத்தத் தொகையைப் பாருங்கள். திருவனந்தபுரத்தில் 2024 ஜூலையில் பயணி மேம்பாட்டுக் கட்டணம் புறப்படும் உள்நாட்டுப் பயணிக்கு 506இலிருந்து 770 ரூபாயாக உயர்ந்தது. வந்திறங்குகிறவருக்கும் அப்போதுதான் கட்டணம் சேர்ந்தது.

தேதி குறிக்கும் முன் இரண்டு விசேஷங்களைப் பாருங்கள். மாசியில் ஆற்றுகால் பொங்கலன்று தம்பானூரும் கிழக்கேகோட்டையும் சாலை முழுக்க அடுப்புகள். ஆட்டோ நகராது, நம் பக்கத்து ரயில்களில் கால் வைக்க இடமிருக்காது. அன்று பகல் விமானம் என்றால் பரசுராமில் போய் விடிந்ததும் நகரத்தைக் கடந்துவிட வேண்டும். இன்னொன்று பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு. ஆண்டுக்கு இரண்டு முறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், சுவாமி ஊர்வலம் ஓடுதளத்தைக் கடந்து சங்குமுகம் கடலுக்குப் போகும். அந்த மாலை சுமார் ஐந்து மணி நேரம் விமானங்கள் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. விமான நிறுவனங்கள் நேரத்தை மாற்றிக் குறுஞ்செய்தி அனுப்பும். முகவர் வழியாக டிக்கெட் எடுத்திருந்தால் அந்தச் செய்தி அவர் போனுக்குத்தான் போகும். ஆகவே டிக்கெட்டில் உங்கள் சொந்த எண் இருக்கிறதா என்று எடுக்கும்போதே பார்த்துவிடுங்கள்.